காட்டுப் பாதையில் விஷப்பாம்பு: கொழும்பிலிருந்து நடைபயணம் போகும் புதியவர்களுக்கு

சிங்கராஜவுக்கோ லபுகம பக்கமோ முதல்முறை போகிறவர்கள் படமெடுத்து நிற்கும் நாகத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நாகம் பெரும்பாலும் உங்களுக்கு முன்னே விலகிப் போய்விடும். ஈரவலயக் காட்டில் கவனிக்க வேண்டியது ஒரு முழம்கூட நீளமில்லாத கோப்பி விரியனை. சிங்களத்தில் குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். வழிகாட்டி அந்தப் பெயரைச் சொன்னால் அதே இடத்தில் நின்றுவிடுங்கள். காய்ந்த இலையின் நிறம், முக்கோணத் தலை, மேல்நோக்கிக் கூர்ந்த மூக்கு நுனி. ஆள் வந்தாலும் ஓடாமல் இலைச்சருகுக்குள் சுருண்டபடியே கிடக்கும். மிதிபடுவதற்கு அதுவே காரணம்.

படி 1: புறப்படும் முன்

கணுக்கால் மூடிய சப்பாத்து, தளர்வான நீளக் காற்சட்டை. செருப்பு வேண்டாம். அட்டைக்குப் போடும் துணி மேசோடு பாம்புப் பல்லைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். ஒன்றரை மீற்றர் கம்பு, டோர்ச், முழுச் சார்ஜ் உள்ள கைபேசி, துணி பண்டேஜ் இரண்டு, ஒரு பேனை.

போகும் இடத்துக்குக் கிட்டிய பெரிய அரச வைத்தியசாலை எது என்று முதல்நாளே பார்த்து வையுங்கள். சிங்கராஜவின் குடாவ வாசல் என்றால் கலவான, அதைத் தாண்டி இரத்தினபுரி. காட்டுக்குள் சிக்னல் இருக்கும் என்று எண்ணி இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 2: நடக்கும்போது

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையும் காலும் வைக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டிக் குதிக்காமல், அதன்மேல் ஏறி மறுபக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். சருகுக் குவியலைக் கம்பால் தட்டிவிட்டுக் கால் வையுங்கள். பாறை இடுக்கைப் பிடித்து ஏறாதீர்கள். உட்காரும் முன் இடத்தைப் பாருங்கள். பொழுது பட்டபின் டோர்ச் இல்லாமல் பத்தடிகூட வேண்டாம்.

படி 3: பாம்பைக் கண்டால்

நில்லுங்கள். ஒற்றை வரிசையில் போகும்போது ஒரு சிக்கல் வரும்: முன்னால் போகிறவர் நின்றதும் பின்னால் வருகிறவர் எட்டிப் பார்க்க முண்டுவார், முன்னவருக்குப் பின்வாங்க இடமிருக்காது. அதனால் "பாம்பு, பின்னுக்கு" என்று சொன்னதும் கடைசி ஆளிலிருந்து விலக வேண்டும் என்று புறப்படும்போதே பேசி வையுங்கள். குறைந்தது 2 மீற்றர் இடைவெளி. பாம்பு தன் உடல் நீளத்தில் ஏறக்குறைய பாதித் தூரம் பாய்ந்து கடிக்கக்கூடும். கல் எறியாதீர்கள், கம்பால் கிளறாதீர்கள். அது போக விரும்பாவிட்டால் நீங்கள் சுற்றிப் போங்கள்.

பருத்த உடல், முதுகில் சங்கிலிபோல மூன்று வரிசை முட்டை வடிவப் புள்ளிகள், பிரஷர் குக்கர்போலச் சீறல்: அது கண்ணாடி விரியன், சிங்களத்தில் தித் பொலங்கா. மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் தூக்கிக் கடிபட்டவர்கள் உண்டு. மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்றவை. இப்படி வரிசையாக இருக்காது. செத்த பாம்பையும் தொடாதீர்கள். வெட்டுண்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும்.

படி 4: கடித்துவிட்டால்

பாம்பிலிருந்து விலகி உட்காருங்கள். நேரத்தைக் குறியுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, கைக்கடிகாரம், சப்பாத்து எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். கடிபட்ட கை காலை மட்டையோ கம்போ வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் அசையாமல் கட்டுங்கள். கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். வீக்கத்தின் விளிம்பில் பேனையால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரத் தாமதமாகும் இடமென்றால் கிடைக்கிற வண்டியில் புறப்படுங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

இறுகக் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ், விஷக்கல், சாராயம் எதுவும் வேண்டாம். வலிக்கு அஸ்பிரின், டைக்ளோஃபெனக் கொடுத்தால் இரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் கூடும், பரசிட்டமோல் போதும். யூடியூபில் வரும் அவுஸ்திரேலிய வீடியோக்களைப் பார்த்து கை கால் முழுவதும் இறுக்கிப் பண்டேஜ் சுற்றுகிறார்கள். அங்குள்ள நரம்பு விஷப் பாம்புகளுக்கு அது பொருந்தும். இங்கே விரியன் கடியில் தசையை அழிக்கும் விஷத்தை ஒரே இடத்தில் தேக்கிவைத்து அந்த இடத்தையே கெடுத்துவிடலாம்.

படி 5: வைத்தியசாலையில்

கடித்த நேரம், இடம், பாம்பின் தோற்றம், ஏற்கெனவே உள்ள ஒவ்வாமை, இவற்றைச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து எடுத்த ஒரு படம் இருந்தால் மிகவும் நல்லது; படத்துக்காகக் கிட்டப் போகாதீர்கள், பாம்பைப் பிடித்தும் போகாதீர்கள். படம் ஏன் முக்கியம் என்றால், இலங்கையில் பயன்படும் இந்திய விஷமுறி மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கானது. கோப்பி விரியன் விஷத்துக்கு அது வேலை செய்யாது. அந்த மருந்து கடும் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும். தெரியாமல் கொடுத்தால் பயனில்லாமல் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் சோதனை சரியாக வந்தாலும் திரும்பத் திரும்பச் செய்வார்கள், ஏனென்றால் உறையாமை பிந்தியும் வரலாம். வலி குறைந்துவிட்டது என்று சொல்லி எழுந்து போகாதீர்கள்; குறைந்தது 24 மணித்தியாலம் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

கோப்பி விரியன் கடியைச் "சின்னப் பாம்புதானே" என்று விடுகிறவர்கள் பலர். பெரும்பாலும் வீக்கம், கொப்புளத்தோடு போய்விடும். சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்து உயிரே போயிருக்கிறது. வீடு திரும்பிய பிறகும் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று கவனியுங்கள். குறைந்தாலோ, நிறம் கறுத்தாலோ, பல் ஈறில் இரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே திரும்பவும் வைத்தியசாலைக்குப் போங்கள்.