பழைய காட்டேஜில் கணப்பு மூட்டும் முன்

கோத்தகிரி பக்கம் பழைய காட்டேஜில் தங்கப் போகிறீர்களா? முதலில் வண்டியில் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் எடுத்துவிடுங்கள். கன்னேரிமுக்கில், 1819-இல் மலைக்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களாவையும் பாருங்கள்.

அறையில் கணப்பு இருந்தால், மூட்டும் முன் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் வாயில் பிடியுங்கள். புகை மேலே போனால் சரி. உள்ளே திரும்பினால் புகைபோக்கி அடைத்திருக்கலாம்; மூட்டாமல், காட்டேஜ் பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். விறகு ஈரமில்லாமல் காய்ந்திருக்கட்டும். எரியும்போது ஜன்னல் இரண்டு விரல் அளவாவது திறந்திருக்கட்டும், குளிரடித்தாலும் பரவாயில்லை. கரிச்சட்டியை மட்டும் படுக்கையறைக்குள் கொண்டுபோகவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

அப்புறம், இருட்டியபின் டார்ச் இல்லாமல் வாசலில் இறங்காதீர்கள். தேயிலைச் செடியோரம் காட்டெருமை சத்தமில்லாமல் நிற்கும்.