பேருந்துத் தடத் திட்டமா? பதில் சொல்லியே ஆகவேண்டிய கடிதம் எழுதுவது எப்படி

கலிபோர்னியாவில் வசிக்கிறீர்கள். உங்கள் தெரு வழியே பேருந்துகளுக்கெனத் தனித்தடம் வரப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடும் அறிக்கையின் வரைவைப் பொதுமக்களின் கருத்துக்கு வெளியிடுவார்கள். அதன் மீது கருத்துச் சொல்லக் குடியுரிமை வேண்டாம். விசாவில் இருப்பவரும் எழுதலாம். ஆனால் இது வாக்கெடுப்பு அல்ல என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நூறு பேர் ஒரே வரியை எழுதி அனுப்பினாலும் அது ஒரு கருத்துதான்.

சான் பிரான்சிஸ்கோவின் வான் நெஸ் அவென்யூவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தடம் சுமார் 2 மைல்தான். வரைவு அறிக்கை 2011 நவம்பரில், இறுதி அறிக்கை 2013 ஜூலையில், முதல் பேருந்து 2022 ஏப்ரல் 1 அன்று!

படி 1: எந்தச் சட்டம் என்று பாருங்கள்

மத்திய அரசின் பணம் வந்தால் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். மாநிலத்துக்குக் கலிபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டம். இரண்டுமே 1970-இல் கையெழுத்தானவை. வான் நெஸ் திட்டத்துக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே அறிக்கை தயாரித்தார்கள். 2020-இல் வந்த ஒரு மாநிலச் சட்டம் இத்தகைய பல பேருந்துத் திட்டங்களுக்கு மாநில மதிப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. உங்கள் திட்டம் அந்த விலக்கில் வந்தால் வரைவுக்குக் காத்திருக்காதீர்கள். போக்குவரத்து வாரியக் கூட்டங்களுக்கு நேரே போய்விடுங்கள்.

படி 2: வரைவில் எதைப் படிப்பது

முழுவதையும் படிக்க உட்கார்ந்தால் கருத்துக் கெடு முடிந்துவிடும். வான் நெஸ் போன்ற கூட்டு அறிக்கைகளுக்கு வழக்கமான கெடு 45 நாள். உங்களுடையதை அறிவிப்பிலேயே பார்த்துக் குறித்துவையுங்கள். சுருக்கம், மாற்று வடிவங்களைப் பற்றிய அத்தியாயம், உங்களைத் தொடும் ஓர் அத்தியாயம் ஆகிய மூன்றும் போதும்.

இவற்றில் மாற்று வடிவங்கள்தான் உயிர்நாடி. வான் நெஸ் வரைவில், எதுவும் செய்யாமல் விடுவது நீங்கலாக, மூன்று வடிவங்கள் இருந்தன: சாலையோரத் தடம், நடுத்தடத்தில் வலப்பக்கம் ஏறும் வடிவம், நடுத்தடத்தில் இடப்பக்கம் ஏறும் வடிவம். வலப்பக்கம் ஏற இரண்டு நடுத்திட்டுகள் தேவைப்பட்டன. அதற்காக இருந்த திட்டைப் பெயர்க்க வேண்டும், மரங்கள் போகும். இடப்பக்கம் ஏற, இடப்புறமும் கதவுள்ள பேருந்துகளைத் தனியாக வாங்க வேண்டும். கடைசியில் தேர்வானது இரண்டையும் கலந்த வடிவம்: ஒரே திட்டு, வலப்பக்கக் கதவு. வரைவு என்பது முடிந்துபோன விஷயம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

படி 3: எழுதுங்கள்

"இந்தத் திட்டம் வேண்டாம், நெரிசல் வரும்" என்று எழுதினால், கருத்து பதிவு செய்யப்பட்டது என்ற ஒரு வரிதான் பதிலாக வரும். அதிலும் கார்களின் தாமதம் இன்று மாநிலச் சட்டப்படி சுற்றுச்சூழல் பாதிப்பாகவே கருதப்படுவதில்லை. 2020 ஜூலையிலிருந்து வாகனங்கள் ஓடும் மைல் கணக்குதான் அளவுகோல். ஆகவே அந்தப் புலம்பலை விட்டுவிடுங்கள்.

மாறாக, இப்படி எழுதிப் பாருங்கள்: "நிறுத்தங்களைப் பற்றிய அத்தியாயத்தில், என் தெருமுனை நிறுத்தத்தை எடுத்துவிட்டு, அடுத்த நிறுத்தம் நடக்கும் தூரம்தான் என்கிறீர்கள். இடையில் உள்ள ஏற்றத்தைக் கணக்கில் எடுத்தீர்களா? ஊன்றுகோலுடன் நடப்பவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இங்கே ஒரு நிலையம் சேர்த்தால் பேருந்தின் பயண நேரம் எவ்வளவு கூடும்?" பக்க எண்ணையும் குறிப்பிடுங்கள். ஒரு குறை, ஒரு கேள்வி, ஒரு மாற்று. இதற்கு அதிகாரிகள் இறுதி அறிக்கையில் காரணத்தோடு பதில் தந்தே ஆகவேண்டும்.

வான் நெஸ்ஸில் நிறுத்தங்களுக்கு இடையிலான தூரம் பலரைக் கவலைப்பட வைத்தது. வால்லேஹோ தெருவில் வடக்கு நோக்கிய நிலையம் ஒரு கூடுதல் மாற்றாக இறுதி அறிக்கையில் இடம்பெற்றது. இன்று அங்கே பேருந்து நிற்கிறது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பேசுங்கள்; ஆனால் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 4: இறுதி அறிக்கையில் உங்கள் கடிதத்தைத் தேடுங்கள்

வந்த கடிதங்கள் எண்ணிடப்பட்டு, பதில்களோடு இருக்கும். மழுப்பலான பதில் என்றால், ஒப்புதல் தரும் வாரியக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். ஒப்புதல் அறிவிப்பு பதிவானபின் மாநிலச் சட்டப்படி வழக்குத் தொடுக்க 30 நாள்தான் அவகாசம். ஒப்புதலுக்கு முன் யாருமே எழுப்பாத குறையை நீதிமன்றம் பொதுவாக எடுத்துக்கொள்ளாது.