மெட்ராஸ் தினம்: பயண எழுத்தாளர்கள் ஜூனிலேயே தொடங்குங்கள்

ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம், சென்னை நகரம் உருவானதைக் கொண்டாடும் நாள். அதையொட்டி மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன், ஜார்ஜ் கோட்டை என்று பல இடங்களில் மரபு நடைகள் (பழைய தெருக்களையும் கட்டடங்களையும் வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது) நடக்கும். நடத்துபவர்கள் பலரும் தன்னார்வலர்கள். எழுத வாய்ப்பு தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல களம் சென்னையில் அரிது.

அச்சு இதழ்கள் பக்கங்களை முன்னதாகவே முடிவு செய்துவிடும். நடை முடிந்தபின் கட்டுரை அனுப்பினால் பெரும்பாலும் இடம் இருக்காது. எதைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்று ஜூன் கடைசிக்குள் 150 சொல்லில் இதழுக்கு ஒரு முன்மொழிவு அனுப்புங்கள். 'மயிலாப்பூர்' என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம்; ஒரே தெரு, ஒரே தொழில் போதும்.

நடையில் வழிகாட்டி சொல்லும் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு, கல்வெட்டிலோ அடிக்கல்லிலோ சரிபாருங்கள். தவறுகள் நுழைவது இங்கேதான். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம்.

படம்தான் பலருக்கும் சறுக்கும் இடம். அச்சில் 6 அங்குல அகலம் வர 1800 பிக்சலாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். மின்னஞ்சலில் மூலக் கோப்பாகவே இணையுங்கள். கட்டுரையை யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பிடிஎஃப் வேண்டாம், அதிலிருந்து நகலெடுத்தால் தமிழ் எழுத்துகள் சிதறும்.