வெற்றிலை பதித்த சுவர்க்கடிகாரம்: வெனீர் வேலையில் முதல் பாடம்

பதினான்காம் லூயி மன்னருக்கு மரவேலை செய்த ஆந்திரே ஷார்ல் பூல் (1642–1732), ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் அடுக்கி வைத்து ஒரே அறுப்பில் உருவங்களை வெட்டி, கடிகாரக் கூடுகளில் பதித்தார். அதற்குத் தனி அறுப்புக் கருவியும் நீண்ட பயிற்சியும் வேண்டும். வெனீர் எனும் மெல்லிய மரத்தாள்களை வெட்டிப் படமாகப் பதிக்கும் இந்தக் கலையின் அடிப்படையையோ சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரே ஒரு கத்தியோடு கற்றுவிடலாம்.

இந்த வேலையில் மர இழைதான் தூரிகை. ஒரே மரத்தின் இரண்டு துண்டுகளை இழையின் திசை மாற்றி வைத்தால், வெளிச்சம் பட்டதும் இரண்டு நிறங்களாகத் தெரியும். அதனால்தான் முதல் படத்துக்கு வெற்றிலையைச் சொல்கிறேன். நடுநரம்புக்கு இருபுறமும் இழையைச் சாய்த்து வைத்தால் போதும், மற்ற நரம்புகளை மரமே வரைந்துவிடும்.

தேவையானவை: 0.6 மி.மீ. தடிப்புள்ள மேப்பிள், வால்நட் வெனீர், 24 செ.மீ. சதுரத்தில் 6 மி.மீ. பிளைவுட், வெள்ளை மரப்பசை, மாஸ்கிங் டேப், உப்புத்தாள், குவார்ட்ஸ் கடிகார இயந்திரம். கூர்முனைக் கத்தி பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் கலைப்பொருள் கடைகளில் கிடைக்கும். அலகுகளைத் தாராளமாக வாங்குங்கள். மழுங்கிய அலகு வெனீரை வெட்டாது, கிழிக்கும்.

வரைதல். பிளைவுட்டைவிடச் சற்றுப் பெரிய மேப்பிள் வெனீரில் இலையை வரையுங்கள். காம்பு 12 மணிக்கும் நுனி 6 மணிக்கும் வரட்டும். முட்களின் மையம் நடுநரம்பின் மேல் அமைய வேண்டும். 3, 9 ஆகிய இடங்களில் மெல்லிய கோடுகள் போதும்.

வெட்டுதல். பொறுமையெல்லாம் இங்கேதான் வேண்டும். முதலில் இலையின் இடப் பாதியை மட்டும் மேப்பிளிலிருந்து வெட்டி எடுங்கள். ஒரே அழுத்தில் வெட்டாமல், மூன்று நான்கு முறை மெதுவாகக் கோடு இழுங்கள். இப்போது ஒரு சன்னல் கிடைக்கும். அதன் அடியில் வால்நட்டை வைத்துச் சுழற்றிப் பாருங்கள். இழை நடுநரம்பிலிருந்து நுனியை நோக்கிக் கீழே சாயும் இடத்தில் நிறுத்தி, சன்னலின் விளிம்பையொட்டிக் கத்தி முனையால் கீறுங்கள். கீறிய கோட்டில் வெட்டி, துண்டைச் சன்னலில் பொருத்தி, முன்பக்கம் டேப் ஒட்டுங்கள். பிறகு வலப் பாதியையும் இவ்வாறே செய்யுங்கள். இழை மட்டும் எதிர்ப்புறம் சாய வேண்டும். இரு பாதிகளும் சேரும் கோடே நடுநரம்பு. காம்பும் மணிக்கோடுகளும் இதே முறைதான்.

ஒட்டுதல். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். மரம் அந்த ஈரத்தைக் குடித்து விரியும், குளிர்சாதன அறையில் காய்ந்து சுருங்கும். ஆகவே வெனீரை ஒட்டும் வரை பிளாஸ்டிக் உறையில், கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். வேலை முழுவதையும் ஒரே அறையில் முடியுங்கள். பசையைப் பிளைவுட்டில் மெல்லியதாகப் பூசி, டேப் ஒட்டிய பக்கம் மேலே இருக்கும்படி படத்தை வையுங்கள். பின்பக்கத்திலும் அப்போதே ஒரு வெனீர் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளைந்துவிடும். இதைத் தவிர்க்கவே கூடாது. இருபுறமும் பிளாஸ்டிக் தாள் விரித்து, இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

மெருகு. டேப்பை மெல்ல உரித்து, ஓரத்தில் நீட்டியிருப்பதை வெட்டிவிடுங்கள். தேய்ப்பதற்கு முன் அரக்கு வார்னிஷ் ஒரு கை பூசுங்கள். இல்லையென்றால் வால்நட் தூள் மேப்பிளின் துளைகளில் புகுந்து அதை அழுக்காக்கும். பிறகு 240 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேயுங்கள். 0.6 மி.மீ. மிகச் சீக்கிரம் தேய்ந்துபோகும். மேலும் இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள்.

இயந்திரம். தண்டின் விட்டத்தை அளந்து அதற்கேற்பத் துளையிடுங்கள். பெரும்பாலும் 8 மி.மீ. சரியாக இருக்கும். முன்பக்கத்திலிருந்து துளையிடுங்கள், பலகைக்கு அடியில் ஒரு கழிவுக்கட்டை இருக்கட்டும். இரு வெனீரும் சேர்ந்து பலகை 7.2 மி.மீ. ஆகிவிடும். நட்டும் வாஷரும் பிடிக்க வேண்டுமே, எனவே திருகுமரை 10 மி.மீ. நீளமாவது உள்ள இயந்திரத்தையே வாங்குங்கள்.

மாட்டும்போது குளிர்சாதனக் காற்று நேரே அடிக்கும் சுவரையும் பிற்பகல் வெயில் விழும் சுவரையும் தவிருங்கள். வெயிலில் வால்நட் வெளுக்கும், மேப்பிள் மஞ்சளாகும். இலை பின்னணியோடு மங்கிவிடும்.