ப்ரோப் சோனிகேட்டரில் நானோ துகள்களைக் கலைப்பது எப்படி

ப்ரோப் சோனிகேட்டர் என்பது திரவத்துக்குள் இறக்கிய உலோகக் கம்பியை (ப்ரோப்) அதிரவைத்து அல்ட்ராசவுண்டைச் செலுத்தும் மெஷின். நானோ பொடியின் கட்டியை உடைப்பது அந்த அல்ட்ராசவுண்டின் வேலை. உடைந்த துகள்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது திரவத்தின் வேலை. அதனால், புதிதாக வரும் மாணவர்களிடம் மெஷினைத் தொடும் முன் பி.எச். மீட்டரை எடுங்கள் என்றுதான் சொல்வேன். டைட்டானியம் டை ஆக்சைடு பி.எச். 6-ஐ ஒட்டி மேற்பரப்பு மின்னூட்டத்தை இழந்துவிடும். அங்கே எவ்வளவு நேரம் ஓட்டினாலும் வண்டலாக இறங்கிவிடும். 4-க்குக் கொண்டுபோனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும். துகள்கள் எவ்வளவு வலுவாகத் தள்ளும் என்பதைக் காட்டும் மின்னழுத்தமான சீட்டா பொட்டென்ஷியல், நேரோ எதிரோ, 30 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் எனக்கு நிம்மதி. தண்ணீர் ஒட்டாத பொடியென்றால் முதலில் சில சொட்டு எத்தனாலில் குழைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கார்பன் நானோட்யூபைத் தண்ணீரில் கலைக்க, எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசில் சல்ஃபேட்) போன்ற சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்புபோல் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் பொருள், பெரும்பாலும் தேவைப்படும்.

அடுத்தது பவர். டிஸ்ப்ளேயில் தெரியும் வாட் மெஷின் இழுப்பது. திரவத்துக்குள் போவது அதைவிடக் குறைவு. "40 சதவீத ஆம்ப்ளிட்யூடில் (நுனி அதிரும் வீச்சு) 10 நிமிடம்" என்று மட்டும் எழுதிவைத்தால் வேறு யாரும் அதைத் திரும்பச் செய்ய முடியாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 100 மில்லி தண்ணீரில் ப்ரோப்பை இறக்கி, நீங்கள் பயன்படுத்தப்போகும் ஆம்ப்ளிட்யூடில் ஓட்டி, வெப்பநிலை ஏறுவதைக் குறியுங்கள். நிமிடத்துக்கு 6 டிகிரி ஏறினால், 100 × 4.18 (ஒரு மில்லி தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்) × 6-ஐ 60-ஆல் வகுக்க, சுமார் 42 வாட். அதே பவரில் 50 மில்லி மாதிரியை 5 நிமிடம் ஓட்டினால் மில்லிக்கு சுமார் 250 ஜூல். நோட்டில் எழுத வேண்டியது இந்த எண்.

மாதிரியை ஐஸில் வைத்து, விட்டுவிட்டு ஓட்டுங்கள். நுனி பாத்திரத்தைத் தொடக்கூடாது. மேலாக நின்றால் நுரைக்கும், நுரை வந்தால் ஆற்றல் உள்ளே போகாது. ஓடும்போது காதுக்கு இயர்மஃப் கட்டாயம். நுண்துளிகள் பறக்கும், ஆகவே காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் வையுங்கள்.

எப்போது நிறுத்துவது? இடையிடையே கொஞ்சம் எடுத்து டி.எல்.எஸ்.ஸில் (ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைக் காணும் கருவி) அளவைப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும், நின்றதும் நிறுத்துங்கள். தயாரிப்பின்போதே உருகி இணைந்துபோன துகள்கள் அதற்கு மேல் பிரியாது. மேலும் ஓட்டினால் நானோட்யூபுகளோ துண்டாகிக் குட்டையாகிவிடும்.

அல்ட்ராசவுண்ட் திரவத்தில் உண்டாக்கும் நுண்குமிழிகள் வெடிக்கும் அதிர்ச்சிதான் கட்டியை உடைக்கிறது; அதுவே ப்ரோப்பின் டைட்டானியம் நுனியையும் அரிக்கும். நுனி மங்கிக் குழிவிழுந்திருந்தால் அந்தத் தூள் உங்கள் மாதிரிக்குள் போயிருக்கிறது. பொடி சேர்க்காத திரவத்தையும் அதே நேரம் ஓட்டி, ஒப்பிட எடுத்துவையுங்கள். உயிர்செல்களில் சோதிக்கப்போகிறவர்களுக்கு இது மிக முக்கியம்.