சிங்கப்பூருக்குப் புதுசா? மழை நேரத்தைப் பழகிக்கொள்ளுங்கள்

"இப்போ அங்கே என்ன சீசன்?" என்று ஊரிலிருந்து போனில் கேட்பார்கள், பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பீர்கள். ஆண்டு முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24, 25, அவ்வளவுதான். சித்திரையில் 40 டிகிரியைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இங்கே வியர்வை காயாது, பத்து நிமிடம் நடந்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வெளியில் வேலை செய்கிறவர்கள் முதல் இரண்டு வாரம் ரொம்பக் கவனமாக இருங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

இங்கே பருவத்தைச் சொல்வது வெயில் இல்லை, மழை வரும் நேரம்தான். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற அதே வடகிழக்குப் பருவமழை இங்கே டிசம்பர், ஜனவரியில் கொட்டும். சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து 22 டிகிரிக்கு இறங்கும், அப்போது போர்வை தேடுவீர்கள். பிப்ரவரியில் காய்ந்துவிடும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் காலையில் நல்ல வெயில் அடிக்கும், மதியம் இரண்டு மூன்று மணிக்கு வானம் கறுத்து இடி இடிக்கும். நான் வந்த புதிதில் காலை வெயிலை நம்பி மூங்கில் கழியில் துணியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய், ஒரே வாரத்தில் மூன்று முறை திரும்பத் துவைத்தேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து பலத்த காற்றோடு மழை வரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

இடியும் காற்றுமாக வரும் இந்த மழைக்குக் குடை தாங்காது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள், மின்னல் இங்கே மிக அதிகம்.

மழை குறைவான ஜூன் முதல் செப்டம்பர் வரையில்தான் இந்தோனேசியாவில் காடு எரிந்து புகைமூட்டம் வரும். 2013 ஜூனில் காற்றுத் தரக் குறியீடு 401 வரை போனது. 100-ஐத் தாண்டினாலே ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் வெளியே இருப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் அந்த எண்ணும் மழை நிலவரமும் தெரியும், இறக்கிக்கொள்ளுங்கள்.

அலுவலகத்திலும் ரயிலிலும் ஏசி நடுங்க வைக்கும், ஒரு ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள். தோல் செருப்பையும் பட்டுப்புடவையையும் அலமாரியில் போட்டு மறந்துவிடாதீர்கள், பூசணம் பிடித்துவிடும். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றால் அன்றைக்கே கொட்டிவிடுங்கள், டெங்கு கொசு இங்கே ஆண்டு முழுக்க உண்டு.