லிங்க்ட்இன் பக்கத்தில் கை வைப்பதற்கு முன்

எங்கள் குழுவில் இருந்த ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வேலை சார்ந்த தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் தம் பக்கத்தைச் சீர்செய்ய உட்கார்ந்தார். பதவிப் பெயரைச் சற்று மெருகேற்றி, அதைப் புதிய பதவியாகச் சேர்த்து, தொடக்க மாதமாக நடப்பு மாதத்தையே விட்டுவிட்டார். தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் பொத்தான் இயங்கும் நிலையில் இருந்ததையும் அவர் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வாழ்த்துகள் குவிந்திருந்தன. தேநீர் இடைவேளையில் மேலாளர் பக்கத்தில் வந்து நின்று, "என்னப்பா, பேப்பர் போட்டுட்டியா? சொல்லவே இல்ல" என்று, ராஜினாமா செய்துவிட்டாயா என்ற பொருளில், சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த வாரம் உண்மையிலேயே வேறொரு நிறுவனத்தில் அவருக்கு இரண்டாம் சுற்று நேர்காணல் இருந்ததால், அவரால் திரும்பச் சிரிக்க முடியவில்லை.

இந்தத் தளத்தில் நாம் எழுதுவதைவிட, எழுதாமலே விட்டுச்செல்லும் தடயங்கள்தாம் நம்மை அதிகம் காட்டிக்கொடுக்கின்றன என்பது என் அனுபவம். ஆகவே பக்கத்தைத் திருத்துவதற்கு முன் அமைப்புகளைத் திருத்துங்கள். அறிவிப்புப் பொத்தானை அணைத்துவிட்டு, மாற்றங்களை ஒரே இரவில் செய்யாமல் சில வாரங்களில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். பிறர் பக்கங்களைப் பார்க்கும்போது உங்கள் பெயர் தெரியாதபடி வைத்துக்கொள்ள வழியுண்டு. ஆனால் கட்டணமில்லாக் கணக்கில் அப்படி வைத்திருக்கும்வரை, உங்கள் பக்கத்தைப் பார்த்தவர்கள் யார் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

வேலை தேடுவதைத் தெரிவிக்கும் வசதியில் இரண்டு நிலைகள் உள்ளன. ஒன்று, படத்தைச் சுற்றிப் பச்சை வளையத்துடன் எல்லாருக்கும் தெரிவது. மற்றொன்று, ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிவது. இரண்டாவதைத் தேர்ந்தால், உங்கள் சொந்த நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் மறைக்க முயல்வதாகத் தளம் சொல்கிறது. முழு உத்தரவாதம் தருவதில்லை. உங்கள் நிறுவனத்துக்கு ஆள் தேடித் தரும் வெளி ஏஜென்சிக்காரர் கண்ணில் அது பட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். ராஜினாமா கொடுத்தபின் பணியாற்றும் காலமான நோட்டீஸ் பீரியட் இன்னும் தொடங்காதவர்கள் இந்த வசதியைத் தொடாமல், தெரிந்த ரெக்ரூட்டர்களுக்குத் தனியாக எழுதுவதே நல்லது என்பேன்.

கணக்கை அலுவலக மின்னஞ்சலில் திறக்காதீர்கள். கடைசி நாளன்று அந்த அஞ்சல் பெட்டி மூடப்பட்டால், மறந்துபோன கடவுச்சொல்லை மீட்க வழியிருக்காது. உங்கள் தொடர்புகளின் முகவரிப் புத்தகத்தைத் தளத்தில் பதிவேற்றச் சொன்னாலும் பதிவேற்றாதீர்கள். உறுப்பினர்களின் பெயரில் அவர்களுடைய முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டல் அஞ்சல்கள் போனதாகத் தொடரப்பட்ட வழக்கில், லிங்க்ட்இன் 2015இல் 1.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. உங்கள் வாடிக்கையாளருக்கு உங்கள் பெயரில் மூன்றாவது முறையாக அழைப்பு போவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள்.

படம் இடும்போது முகத்தைப் பார்க்காமல் பின்னணியைப் பாருங்கள். வெள்ளைப் பலகையில் வாடிக்கையாளர் பெயர், திறந்திருக்கும் திரை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் எண் ஆகியவை பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். அறிவிக்கப்படாத திட்டத்தைப் பற்றி "பெரிய வங்கி ஒன்றுக்காக" என்று பூடகமாக எழுதினாலும், அந்தத் துறையில் இருப்பவர்கள் எந்த வங்கி என்று எளிதில் ஊகித்துவிடுவார்கள்.

போலி வேலை அழைப்புகளை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 10,000 பிரிட்டன் நாட்டவரைப் போலிக் கணக்குகள் அணுகியதாக அந்நாட்டின் எம்ஐ5 உளவு அமைப்பு 2021இல் எச்சரித்தது. 2022 மார்ச்சில் ரோனின் என்ற கிரிப்டோ வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டது. லிங்க்ட்இன் வழியாக ஒரு பொறியாளருக்கு வந்த போலி வேலை அழைப்பும், அவர் திறந்த பிடிஎஃப் கோப்புமே அதற்கு வாசலாக இருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. எனவே அறிமுகமில்லாதவர் அனுப்பும் எந்தக் கோப்பையும் அலுவலக மடிக்கணினியில் திறக்காதீர்கள். அந்த வேலை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால், இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

மரியாதை சார்ந்தவை சிலவே. அழைப்புடன் நீங்கள் யார், எங்கே சந்தித்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். முதல் செய்தியிலேயே பரிந்துரை கேட்காதீர்கள். உங்களுக்குக் கீழே பணிபுரிபவரிடம் பாராட்டுரை கேட்பது, அவரால் மறுக்க முடியாத ஒன்றைக் கேட்பதாகும். பெண் சக ஊழியர்களின் படத்துக்கு அழகைப் புகழ்ந்து கருத்து இடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது கல்யாணத் தரகுத் தளம் அன்று.

விலகும்போது, பணியிலிருந்து விடுவித்ததாக நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த பிறகே பதிவிடுங்கள். பக்கத்தில் இடும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அந்தக் கடிதத்துடனும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பணி வரலாற்றுடனும் ஒத்திருக்க வேண்டும். புதிய நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு.